கீழே, இடது பக்கம்

என் கணவன் லூபோர் பதினோரு வருடங்களாகக் கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தான். பதினோரு வருடங்களாக நானும் கூடவே போய் அட்டைகளில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டை அடைப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒருவர் சுட்டு முடித்ததும் நடுவர் ஒவ்வொரு அட்டையாகப் போய், எங்கே எத்தனை பட்டிருக்கிறது என்று உரக்கச் சொல்வார். அவர் நகர்ந்தவுடன் சுருளிலிருந்து நக அளவு பழுப்பு ஒட்டுத்தாளைக் கிழித்து ஓட்டையின்மேல் ஒட்ட வேண்டும். அடுத்து சுடுகிறவருக்கு அட்டை புதிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற குழுக்களில் இதை முறை வைத்துச் செய்வார்கள். எங்கள் குழுவில் சுடாத ஆள் நான் ஒருத்திதான் என்பதால் எல்லோருக்கும் நானே செய்தேன். வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் கண்ணாடி வில்லைகளில் கீறல் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறவளுக்கு, சனிக்கிழமை வெயிலில் நடப்பதே ஓய்வுதான்.

மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஹ்ராபோவ்காவின் பழைய கல்குவாரியில் போட்டி. நாற்பது பேர் வருவார்கள். ஐந்து களங்கள். டைமர் கத்தியதும் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, மரத்தடுப்புகளுக்கு நடுவே ஓடி, கண்ணில் படும் ஒவ்வொரு பழுப்பு அட்டையிலும் இரண்டு தோட்டா போட வேண்டும். வெள்ளை அட்டை அப்பாவி ஆள் மாதிரி. அதில் பட்டால் புள்ளியைப் பிடுங்கிக்கொள்வார்கள். வாங்கிய புள்ளிகளை ஆன விநாடிகளால் வகுத்தால் வருவதுதான் மதிப்பெண். வேகமும் வேண்டும், குறியும் வேண்டும்.

லூபோரிடம் வேகம் இருந்தது.

வீடு வீடாகப் போய் கொதிகலன் பழுது பார்க்கிறவன் அவன். நாற்பத்தொன்பது வயதிலும் ஒல்லியான உடம்பு, பள்ளி நாளில் மாவட்ட அளவில் ஓடியவன். களத்தில் அவன் ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். சுட்டு முடித்து அட்டையைப் பார்த்தால் போய்விடும். நாற்பது பேரில் இருபத்தெட்டு, முப்பது, நல்ல நாளில் இருபத்தைந்து.

எங்கள் குழுவிலேயே போர்ஷெக் என்று ஒரு கசாப்புக்கடைக்காரன் உண்டு. பக்கத்து ஊரில் கடை. மேசைபோல அகலமானவன், ஓட மாட்டான், உருளுவான். ஆனாலும் எப்போதும் பத்தாவது, பதினொன்றாவது இடத்தில் வந்து நிற்பான். லூபோரைச் சீண்டாவிட்டால் அவனுக்குச் சனிக்கிழமை விடியாது.

"லூபோர், அட்டைக்குப் பின்னாடி இருக்கற அந்த மலைகிட்ட ஏதாவது தகராறா உனக்கு? எல்லாத் தோட்டாவையும் அதுக்கே குடுக்கிறியே."

"உன் கடை சாசேஜைத் தின்னுட்டு வந்தேன், கை நடுங்குது."

"அத தின்னு ஓடறதாலதான்யா காலாவது வேலை செய்யுது."

குளிர்காலம் வந்தால் லூபோர் தோற்றதற்குக் காரணம் தேடுவான். முதல் குளிர்காலத்தில் துப்பாக்கி சரியில்லை, மாற்றினான். அடுத்து, குழல்மேல் நிற்கும் குறிமுள். அடுத்து கைப்பிடி. எட்டாவது வருடம் காலணி. பத்தாவது வருடம் தோட்டாவில் மருந்து அதிகம் என்று சொல்லி வேறு வகைக்கு மாறினான். மார்ச் வந்தால் புது நம்பிக்கையோடு போவோம். நான் வழக்கமான இடத்திலேயே ஒட்டுத்தாள் ஒட்டுவேன்.

பன்னிரண்டாவது வருடத்தின் முதல் போட்டியில் வெள்ளை அட்டையை இரண்டு களங்களில் சுட்டான். முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொன்று. வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்து துப்பாக்கி விற்பனைப் பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தான். நான் உருளைக்கிழங்கு சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

"இத வித்துடலாம்னு இருக்கேன். குழல் கொஞ்சம் நீளமா இருந்தா நேரா போகும்."

என்னையும் அறியாமல் சொல்லிவிட்டேன். "அதுவும் கீழ, இடது பக்கம்தான் போகும்."

"என்ன?"

"உன் தோட்டா எல்லாம் கீழ, இடது பக்கம்தான் போகுது. எந்தத் துப்பாக்கியா இருந்தாலும்."

"நீ ஒருவாட்டியாவது சுட்டிருக்கியா?"

"இல்ல."

"அப்புறம்?"

"பதினோரு வருஷமா உன் ஓட்டைய அடைக்கிறது யாரு?"

அவன் கணினியை மூடிவிட்டு நிலவறைக்குப் போய்விட்டான். சூப்பை நான் மட்டும் குடித்தேன். மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. உப்பு எங்கே, சாவி எங்கே, அவ்வளவுதான்.

நான்காம் நாள் மாலை ஒரு வெள்ளைத்தாளோடு எதிரில் வந்து உட்கார்ந்தான். அட்டையின் வடிவத்தை அதில் பென்சிலால் வரைந்திருந்தான்.

"எங்கன்னு காட்டு."

நான் பென்சிலை வாங்கி, யோசிக்காமல் புள்ளி வைத்தேன். நாற்பது ஐம்பது இருக்கும். பெரும்பாலும் நடுச் சதுரத்துக்குக் கீழே, இடது மூலையை ஒட்டி ஈ மொய்த்த மாதிரி. அவன் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"போர்ஷெக்கோடது?"

"அது அவன் விஷயம். உன்னோடது இதான்."

வியாழக்கிழமைகளில் குவாரியில் பயிற்சி நடக்கும். அந்த வாரம் நான் முன்னதாகவே செர்வாட்ஸ் ஐயாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் நடுவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "வாம்மா, டிராயர்ல போலித் தோட்டா கெடக்கு. தோட்டா மேகசின நீ நிரப்பு, அவன் கைல குடுக்காத." மருந்தில்லாத சிவப்பு பிளாஸ்டிக் தோட்டாக்கள். அவர் பக்கத்தில் நிற்க, லூபோர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ள, பத்து நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மூன்று சிவப்பை எனக்குத் தோன்றிய இடத்தில் செருகினேன்.

முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவதும். மூன்றாவது வெறும் 'டக்'.

வெடிக்காத துப்பாக்கி அவன் கையில் ஒரு சாண் கீழே குதித்தது. யாரோ மேலிருந்து தட்டிவிட்ட மாதிரி. வெடிக்கப் போகிற அதிர்ச்சியை அடக்க, விசையை இழுக்கும்போதே மணிக்கட்டு முந்திக்கொண்டு அழுத்துகிறது. வெடிக்கும்போது அந்தக் குலுங்கலில் இது யாருக்கும் தெரியாது. அவனுக்கும்தான்.

லூபோர் இன்னும் இரண்டு மேகசின் சுட்டான். ஒவ்வொரு சிவப்புக்கும் அதே குதி. பிறகு துப்பாக்கியைக் காலி செய்து காட்டி, உறையில் வைத்துவிட்டு, ஓரத்தில் கிடந்த லாரி டயரில் உட்கார்ந்தான். செர்வாட்ஸ் குவாரி ஓரத்துக் குடிசைக்குள் ஏதோ வேலை இருப்பதுபோலப் போய்விட்டார்.

"உனக்கு எப்பத்துலேந்து தெரியும்?"

"ரெண்டாவது வருஷத்துலேந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். ஒருவாட்டி. 'சுடத் தெரியாதவ பேசாத'ன்னே. குழுவே நின்னுச்சு அங்க."

"நானா?"

அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை. அது முகத்தில் தெரிந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் தப்பெல்லாம் அவனுடையதாகப் போயிருக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"கோவம் ஒரு மாசத்துல போயிருச்சு, லூபோர். அப்புறமும் சொல்லல. நீ புதுசு புதுசா வாங்கி மாட்டுவே. நான் பாத்துக்கிட்டிருப்பேன். எனக்கு மட்டும் தெரியும்ங்கறது... நல்லா இருந்துச்சு."

சொல்லும்போதே எனக்குக் காது சுட்டது. பத்து வருடங்களாக ஒரு மனிதன் தோற்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, அதில் சின்னதாக ஒரு ருசி கண்டிருக்கிறேன். அவனுக்கு நான் அதுவரை செய்த துரோகம் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

அவன் காலடியில் கிடந்த சரளைக்கல்லைக் காலால் தள்ளிக்கொண்டே இருந்தான்.

"நல்லா வேடிக்க பாத்திருக்கே."

"ஆமா."

"நானும் கேக்கல."

"ஆமா. கேக்கல."

அவன் எழுந்து மேகசினை நீட்டினான். "இன்னும் ஒண்ணு நிரப்பு, ஹெதா." ஹெட்விகா என்ற என் பெயரை அவன் அப்படிச் சுருக்கினால் கோபம் இல்லை என்று அர்த்தம்.

அன்றிலிருந்து தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு, வேலைக்குப் போவதற்கு முன், நடைவழியில் பத்து நிமிடம். தோட்டாக்கள் எல்லாம் அலமாரியில், சாவி என்னிடம். துப்பாக்கி காலி என்று அவன் இரண்டு தரம் பார்ப்பான், நான் ஒரு தரம். சுட்ட தோட்டாவின் காலிக் கூடு ஒன்றை முன் குறிமுள்ளுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைப்பேன். அது விழாமல் விசையை இழுக்க வேண்டும். முதல் நாள் முப்பது தரம் இழுத்தான், முப்பது தரமும் கூடு தரையில் உருண்டது. கீழ்வீட்டுப் பெண்மணி படிக்கட்டில் பார்த்தபோது, காலங்காத்தாலே என்ன சத்தம் என்று கேட்டாள். மூன்றாவது வாரம் பத்துக்கு ஏழு நின்றது.

ஏப்ரலில் இருபத்தொன்பதாவது இடம். மே மாதம் இன்னும் மோசம், முப்பத்து மூன்று. ஓட்டைகள் நடுவுக்கு வந்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் அவன் மூச்சைப் பிடித்து நின்றதில் நேரம் எகிறிவிட்டது.

"என்ன லூபோர், சவ ஊர்வலமா போறே? மாலை வாங்கிட்டு வரட்டுமா?" என்றான் போர்ஷெக்.

பழைய லூபோராக இருந்தால் அடுத்த களத்தில் குதிரைபோலப் பாய்ந்திருப்பான். "பெரிசா வாங்கிட்டு வா, உனக்கே ஆகும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த களத்தையும் அதே வேகத்தில்தான் சுட்டான்.

அன்று வீட்டுக்கு வரும்போதுதான் எனக்கு அது தோன்றியது. மறு வியாழன், அவன் சுட்டு முடித்ததும் அட்டையிடம் போக விடாமல் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"போகாத. கடைசித் தோட்டா எங்க போச்சு, இங்க நின்னே சொல்லு."

"எனக்கெப்படித் தெரியும்? கிட்டப் போய்ப் பாத்தாத்தானே."

"வெடிக்கிற நொடியில அந்தக் குறிமுள் எங்க நின்னுச்சுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. பதினோரு வருடமாக வெடிக்கும்போதெல்லாம் கண்ணை மூடியிருக்கிறான், அது அன்றுதான் அவனுக்கே தெரிந்தது. கண்ணைத் திறந்தே வைத்திருக்கப் பழக மூன்று வாரம் ஆனது. பிறகு ஒவ்வொரு தோட்டாவுக்கும் அவன் இடம் சொல்வான், நான் போய்ப் பார்த்துச் சொல்வேன். முதலில் பத்துக்கு மூன்று சரி. ஜூன் முடிவில் பத்துக்கு ஆறு. தோட்டா எங்கே போனது என்று தெரிந்துவிட்டால் அட்டையையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, அடுத்ததற்குப் போய்விடலாம். வேகம் தானாகவே திரும்பி வந்தது. ஜூனில் இருபத்து நான்கு, ஜூலையில் பதினேழு. அன்று மாலை துப்பாக்கிகளைப் பூட்டிய பிறகு போர்ஷெக் தன் ப்ளம் சாராயத்தைக் கோப்பை நிறைய ஊற்றி அவனிடம் நீட்டினான். முதல்முறையாக நக்கல் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. இரண்டு களம் முடிந்தபோது செர்வாட்ஸ் கையிலிருந்த பட்டியலை யாரோ எட்டிப் பார்த்து, "லூபோர் மூணாவது!" என்று கத்திவிட்டார்கள். அந்த ஒரு சொல் போதும். மூன்றாவது களத்தில் டைமர் கத்தியதும் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டான். பாய்ந்தான். வெள்ளை அட்டையில் இரண்டு, மலையில் ஒன்று. இருபத்திரண்டாவது இடம்.

காரில் ஏறியதும், "போச்சு" என்றான். "அஞ்சு மாச உழைப்பு."

"ஒரு களம் போச்சு. மத்த நாலுல நான் உன் ஓட்டைய எங்க அடைச்சேன்னு கேளு."

"எங்க?"

"நடுவுல."

அவன் காரைக் கிளப்பவில்லை. "மூணாவதுன்னு கேட்டதும், ஹெதா, பரிசு வாங்கற மாதிரியே நெனச்சுட்டேன்."

"இனிமே கேக்காத. பட்டியல் பக்கமே போகாத."

அதே நாள், காரில் ஏறுவதற்கு முன், லூபோர் தடுப்புகளைச் சுமக்கப் போயிருந்தபோது, போர்ஷெக் என்னிடம் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். மாதக்கணக்கில் கெடாத, புகையூட்டிய பன்றி இறைச்சி.

"இது எதுக்கு?"

"சும்மாதான். ஹெட்விகா... என்னோடது எங்க போகுது?"

அந்தப் பெரிய உடம்பு அவ்வளவு தணிந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை. மறுபடியும் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை.

"உனக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒவ்வொரு எடத்துலயும் கடைசி அட்டையோட ரெண்டாவது தோட்டா மட்டும்தான் தப்பும். அதுக்குள்ள கால் அடுத்த எடத்துக்குக் கிளம்பிருது."

அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான். "பதினஞ்சு வருஷமா சுடறேன்" என்று மட்டும் சொன்னான்.

செப்டம்பரில் போர்ஷெக் ஆறாவது வந்தான். லூபோர் பதினான்கு. சந்தோஷமாகத்தான் இருந்தான், வீட்டில் குளிர்பெட்டியைத் திறந்து அடித்தட்டில் துழாவும் வரை.

"இந்தப் பன்னிக்கறி போர்ஷெக் கடையோடதாச்சே. எப்ப வாங்கினே?"

சொன்னேன்.

"எதிராளிக்குப் போய்ச் சொல்லிக் குடுத்திருக்கே! அதுவும் கறிக்கு!"

"அவன் கேட்டான். நீ கேக்க பதினோரு வருஷம் ஆச்சு."

அவன் கதவைப் பிடித்தபடி நின்றான். குளிர்பெட்டி திறந்து கிடக்கிறது என்று எச்சரித்துக் கிணுகிணுத்தது. கடைசியில் கறியை வெளியே எடுத்து வெட்ட ஆரம்பித்தான். "நல்லாத்தான் இருக்கு, பாவி" என்றான். கறியைச் சொன்னானா போர்ஷெக்கைச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் போட்டி வருடத்தின் கடைசி. பனி விலகாத காலை, நாற்பத்து மூன்று பேர். லூபோர் பட்டியல் இருக்கும் பக்கம் போகவே இல்லை. தன் முறை வராதபோது என்னோடு சேர்ந்து ஓட்டை அடைத்தான், அல்லது கண்ணை மூடிக்கொண்டு, எந்தத் தடுப்பிலிருந்து எத்தனை அட்டை என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். நான்கு களம் சுத்தமாக முடிந்தன. எவ்வளவு நன்றாகச் சுட்டிருந்தான் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. இந்தத் தடவை சொல்லாமல் இருந்தது அவனுக்காக.

ஐந்தாவது களத்தில் கடைசி மூன்று அட்டைகளை நடந்துகொண்டே சுட வேண்டும். டைமர் கத்தியது. அவன் ஓடினான், நின்றான், சுட்டான், மறுபடி ஓடினான். நடக்கும்போது சரளைக்கல்லில் ஒரு கால் லேசாகச் சறுக்கியது. முடித்தபோது பத்தொன்பது விநாடி சொச்சம். நல்ல நேரம்.

செர்வாட்ஸ் அட்டை அட்டையாக வந்தார். நடந்து சுட்டதில் இரண்டாவது அட்டையின் முன் நின்றார். குனிந்தார். ஓட்டை ஒன்றுதான் இருந்தது.

"ஒண்ணு நடுவுல. ஒண்ணு இல்ல."

குழு முழுவதும் லூபோரைப் பார்த்தது. அந்த மாதிரி நேரத்தில் அவன் என்ன செய்வான் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டும் ஒரே ஓட்டையில் போயிருக்கிறது, ஓட்டையை அளக்கும் அளவுச் சில்லை வைத்துப் பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் என்று கால்மணி நேரம் தகராறு பண்ணுவான். செர்வாட்ஸ் அதற்குத் தயாராக அளவுச் சில்லைப் பையிலிருந்து எடுத்தேவிட்டார்.

"வேணாம், ஐயா" என்றான் லூபோர். "அது மேல வலது பக்கமாப் போச்சு. கால் சறுக்குச்சு, முள்ளு மேல ஏறினதப் பாத்தேன். பாத்துக்கிட்டே சுட்டுட்டேன்."

செர்வாட்ஸ் அவனை நிமிர்ந்து பார்த்தார். பின்னாலிருந்த மரச்சட்டத்தை எட்டிப் பார்த்தார். அட்டையின் வலது தோளுக்கு மேலே, சட்டத்தில் புதுச் சிராய் ஒன்று பெயர்ந்து நின்றது.

"பன்னெண்டு வருஷத்துல நான் சொன்னத நீ ஒத்துக்கிட்டது இதான் முதவாட்டி" என்றார். "எனக்கு உக்காரணும் போல இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். லூபோரும்தான். நான் அட்டையில் ஒட்டுத்தாளை வைத்து அழுத்தினேன். எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது. குளிர்காற்று என்று சொல்லிவைத்தேன்.

மதியம் குடிசைக் கதவில் முடிவுகளை ஒட்டினார்கள். போர்ஷெக் ஒன்பது. லூபோர் பதினொன்று. அந்த ஒரு தோட்டா பட்டிருந்தால் எட்டாவது வந்திருப்பான், போர்ஷெக் பத்துக்குப் போயிருப்பான். கணக்கை முதலில் போட்டுப் பார்த்தவன் போர்ஷெக்தான். அவனே வந்து சொன்னான்.

"வாயை மூடிக்கிட்டு அளந்து பாக்க விட்டிருக்கலாம்லயா. அந்தக் கிழவர் கண்ணுக்கு ஒண்ணு ரெண்டாக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருந்தாலும் எனக்குத் தெரியுமே, அது அங்க இல்லன்னு."

போர்ஷெக் தலையைச் சொறிந்தான். "அடுத்த வருஷம் உன்னை விட மாட்டேன்."

"உருண்டு வா, பாக்கலாம்."

வாட்டிய சாசேஜும் கடுகுச் சாந்தும் ரொட்டியும் தின்றோம். பிறகு எல்லோருமாகக் களங்களைப் பிரித்தோம். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பெரிய தடுப்பு ஒன்றை லூபோர் ஒரு முனையிலும் போர்ஷெக் மறுமுனையிலும் தூக்கிக்கொண்டு, அடுத்த மார்ச்சில் பனி இருக்குமா இருக்காதா என்று சண்டை போட்டபடி எனக்கு முன்னால் போனார்கள். நான் அட்டைகளைக் கட்டாகக் கட்டி அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். மழை பிடிப்பதற்குள் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டோம்.